கொசுவின் வயிற்றுக் காவல்

மைதிலி கொல்லிமலைக்கு மாற்றலாகி வந்து எட்டு மாதமாகியிருந்தது. சுகாதாரத் துறையில் பூச்சியியல் உதவியாளர். சொந்த ஊர் கீழே ராசிபுரம். வீடு வீடாகப் போய்த் தண்ணீர்த் தொட்டிகளை எட்டிப் பார்ப்பதும், புழு இருந்தால் கொட்டச் சொல்வதும்தான் வேலை.

மலையின் திருப்புலி நாட்டுப் பகுதியில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும் மிளகும் போட்டிருந்த பொன்னாயி, போன மழைக்காலத்தில் டெங்கு வந்து பத்து நாள் படுத்து எழுந்தவள். அவள் தோட்டத்து டிரம்மில் புழு நெளிவதைக் கண்டு மைதிலி அதைச் சாய்க்கப் போனாள். பக்கத்தில் நின்ற பொன்னாயி கேட்டாள்:

"ஏனுங்க மேடம், என்னைய அந்தப் பாடு படுத்துன கிருமி கொசு வயித்துலயும்தான இருந்துச்சு? அது மட்டும் படுக்காம எப்படிப் பறந்துட்டுத் திரியுது?"

கொசுவுக்கு அதெல்லாம் ஒன்றும் செய்யாது என்று மைதிலி சொல்லிவிட்டாள். ஏன் செய்யாது என்பது தனக்கே தெரியாது என்று அப்புறம்தான் உறைத்தது. டிரம்மைச் சாய்க்குமுன் ஒரு பாட்டில் புழுவை மொண்டு வைத்துக்கொண்டாள்.

சேலத்தில் கொசு ஆராய்ச்சி செய்யும் தோழி ரஞ்சிதாவுக்குப் போன் போட்டாள். கொசுவுக்கும் நோய் எதிர்ப்புச் சக்தி உண்டு, கிருமியை அடியோடு ஒழிக்காவிட்டாலும் அது அடக்கி வைக்கும் என்றாள் ரஞ்சிதா. அந்தச் சக்தியைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது கொசுவின் குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்களாம். மைதிலிக்கு நம்பிக்கை வரவில்லை. பாக்டீரியாவை நீக்கிக் குடலைச் சுத்தம் செய்த கொசுவில்தான் டெங்குக் கிருமி குறைவாக இருக்கும் என்று வாதாடினாள். கொசுவைக் கொண்டு வா, பார்த்துவிடலாம் என்றாள் ரஞ்சிதா.

புழுக்கள் கொசுவானதும் மைதிலி அவற்றை இரண்டு கூண்டாகப் பிரித்தாள். ஒன்றுக்கு வெறும் சர்க்கரைத் தண்ணீர். மற்றதற்குப் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து கலந்தது. நான்கு நாள் கழித்து, ஈரத்துண்டு சுற்றிய கூண்டுகளை மடியில் வைத்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸில் இறங்கினாள். தேனீயா என்று கண்டக்டர் கேட்டார். கொசு என்றாள். பக்கத்தில் இருந்த அம்மா எழுந்து பின் சீட்டுக்குப் போய்விட்டார்.

பூட்டிய ஆய்வறையில் இரண்டு கூட்டத்துக்கும் டெங்குக் கிருமி கலந்த ரத்தம் கொடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து ரஞ்சிதா கூப்பிட்டாள். கூண்டுக்கு முப்பது கொசுவைச் சோதித்ததில், சும்மா விட்டதில் ஒன்பதில்தான் கிருமி. சுத்தம் செய்ததில் இருபத்தொன்றில்.

"கூண்டுல பேர்ச் சீட்ட மாத்தி ஒட்டிட்டியா?" என்றாள் மைதிலி.

மறுபடி செய்தார்கள். அதே கதைதான்.

மலையேறிப் போய்ப் பொன்னாயியிடம் தன் கணக்குத் தப்பானதைச் சொன்னாள். மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்த பொன்னாயி கையை நிறுத்தினாள்.

"அப்ப உள்ளுக்குள்ள காவக்காரங்க இருக்கறாங்க. எத்தன பேருங்க?"

"தெரியலக்கா."

அதைத் தெரிந்துகொள்ள நாலு மாதமாயிற்று. கொசுக் குடலிலிருந்து ஐந்து வகை பாக்டீரியாவை வளர்த்தெடுத்து, சுத்தம் செய்த கொசுக்களுக்கு ஒவ்வொன்றாக ஊட்டிப் பார்த்தார்கள். நான்கில் பலனில்லை. வெளிர்மஞ்சளாக வளர்ந்த ஒன்று மட்டும் கிருமியைப் பாதிக்குமேல் குறைத்தது. ஆய்வறைக்கு வெளியே இது எடுபடுமா என்று இப்போது சொல்ல முடியாது என்றாள் ரஞ்சிதா.

சேலத்துக்கு ஒரு கல்யாணத்துக்கு வந்த பொன்னாயி, பட்டுச் சேலையோடு அதைப் பார்க்க வந்தாள். மைக்ராஸ்கோப்பில் குட்டிக் குட்டிக் குச்சிகளாகத் தெரிந்ததை வெகுநேரம் பார்த்தாள்.

"கொசு இதுக்குச் சோறு போடுதுங்களா, இல்ல இது கொசுவுக்குப் போடுதா?"

ரெண்டும் இருக்கலாம், அதை இன்னும் பார்க்கவில்லை என்று ரஞ்சிதா ஒத்துக்கொண்டாள். உட்கார்ந்து பார்க்கும்படி மைதிலி ஒரு ஸ்டூலை இழுத்துப் பொன்னாயிக்குப் போட்டாள்.