காய்த்துப்போன விரல்

தலைச்சோலை பக்கம் காப்பி எஸ்டேட்டில் பழம் பறிப்பவள் சின்னத்தாயி. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகும் மகள் சங்கீதா, முகம் பார்த்துப் பேசலாம் என்று அவளுக்கு ஒரு டச் போன் வாங்கிக் கொடுத்திருந்தாள். ஆனால் சின்னத்தாயி தொட்டால் மட்டும் அது அசையாது. யாரிடம் காட்டினாலும் கையிலிருந்து வாங்கி, சட்டென்று தட்டிப் பார்த்து, நன்றாகத்தானே இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார்கள். தனக்குத்தான் புத்தி போதவில்லை என்று அவளே முடிவு செய்துகொண்டாள்.

பழையபடி பட்டன் போனே வாங்கிவிடலாம் என்று ஒருநாள் ஏற்காட்டுக்கு பஸ் ஏறினாள். பஸ் ஸ்டாண்ட் அருகே ரிஸ்வானாவின் செல்போன் கடை. விஷயத்தைச் சொல்லிப் போனை நீட்டினாள். ரிஸ்வானா வாங்கவில்லை.

"போன் உங்க கையிலயே இருக்கட்டுங்கம்மா. நீங்க தொடுங்க, நான் பாக்குறேன்."

சின்னத்தாயி சரியான இடத்தில்தான் தொட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. ரிஸ்வானா அவள் கையைப் பிடித்து விரல்நுனியைத் தடவிப் பார்த்தாள். காய்த்து, வெடித்து, மரப்பட்டைபோல் காய்ந்து கிடந்தது.

"தப்பு உங்க மேல இல்லீங்கம்மா. தோலு நொம்ப காஞ்சிருந்தா இந்தக் கண்ணாடிக்குத் தொடுறது தெரியாதுங்க."

"நெசமாவா கண்ணு? நான் மக்குன்னுல்ல நெனச்சுக்கிட்டேன்."

ரீசார்ஜுக்கு வந்தவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, ரிஸ்வானா போன்மேல் ஒட்டியிருந்த தடித்த கண்ணாடியை உரித்தாள். லேசான தொடலும் பதியும்படி செட்டிங்ஸை மாற்றினாள். திரையிலிருந்து தேவையில்லாத ஆப் படங்களையெல்லாம் எடுத்துவிட்டு, சங்கீதாவின் முகத்தை மட்டும் பெரிதாக வைத்தாள். அதைத் தொட்டாலே வீடியோ கால் போகும். பிறகு ஈரத்துணியில் விரலை ஒற்றிக்கொள்ளச் சொன்னாள்.

இரண்டு தடவை தவறி, அடுத்த முறை மணி அடித்தது. திரையில் சங்கீதா வந்தாள். யார் கால் போட்டுக் கொடுத்தார்கள் என்றுதான் முதலில் கேட்டாள்.

"நானேதான் சாமி போட்டேன்," என்றாள் சின்னத்தாயி. ஈரவிரலால் திரையிலிருந்த மகளின் கன்னத்தைத் தடவினாள். ரிஸ்வானா முகத்தைத் திருப்பிக்கொண்டு ரீசார்ஜ் வேலையைப் பார்த்தாள்.

அடுத்த வாரம் கூடவே பழம் பறிக்கும் இரண்டு பேரைச் சின்னத்தாயி அழைத்து வந்தாள். வங்கியில் நோட்டு எண்ணுபவர்கள் வைத்திருப்பதுபோல் ஒரு ஈரப்பஞ்சு டப்பா அதற்குள் ரிஸ்வானாவின் மேசைக்கு வந்திருந்தது. இப்போது தள்ளியிருக்கும் வாழவந்தி கிராமத்திலிருந்தும் அந்தக் கடையைத் தேடி வருகிறார்கள். எத்தனை கூட்டம் இருந்தாலும் வயதானவர்கள் கையிலிருந்து போனை அவள் பிடுங்குவதில்லை; அவர்களே தொடும்வரை காத்திருக்கிறாள்.

வேலை நேரத்தில் கூப்பிடாதே அம்மா என்று சங்கீதாதான் கெஞ்ச வேண்டியிருக்கிறது.