மூன்றாம் மாடியிலிருந்து ஒரு பீரோ

ஒட்டகத்துக்கு வலது முழங்கால் காலையிலிருந்தே குத்திக்கொண்டிருந்தது. இரண்டு மாடி ஏறியதும் குத்தல் இடுப்புக்குத் தாவியது. மூன்றாம் மாடியில், செத்துப்போன கூட்டாளியின் வீட்டு வாசலில் நின்றபோது மூச்சு வாங்கிய வாங்கலில் திட்டக்கூடத் தெம்பில்லை. உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீரை மடமடவென்று குடித்த பிறகுதான் ஆரம்பித்தார்.

"சுமை தூக்குறவன் எவனாவது மூணாவது மாடியில வீடு எடுப்பானா? பகல் பூரா ஊரான் வீட்டுப் படி, சாயங்காலம் சொந்தப் படி. புத்தி எங்க போச்சு அவனுக்கு?"

"தலைக்கு மேல யாரும் நடக்கக் கூடாதாம். நடந்தா தூக்கம் வராதாம்," என்றாள் கூட்டாளியின் பேத்தி.

"நல்லா தூங்கினான்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. கூட்டாளி உருண்டை இருபது நாளைக்கு முன்னால் தூக்கத்திலேயே போயிருந்தார். ஒட்டகம் அதையும் மன்னிக்கவில்லை. ஒரு வாரமாவது படுத்துக் கிடந்திருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து நாலு சண்டை போட்டிருக்கலாம். மனுஷன் அதற்குக்கூட இடம் வைக்கவில்லை.

இவர் நெட்டை, கழுத்து நீளம், நடந்தால் ஓர் ஆட்டம், அதனால் ஒட்டகம். அவர் குட்டை, உடம்பு பந்து மாதிரி, அதனால் உருண்டை. மரச்சாமான் கடை ஒன்றில் முப்பத்தெட்டு வருஷம் இரண்டு பேரும் ஒரு ஜோடி. கட்டிலோ பீரோவோ மேசையோ, வண்டியிலிருந்து இறக்கி, வாங்கியவர் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவார்கள். அதுதான் வேலை.

ஐந்து மணிக்குள் வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட வேண்டும். எல்லாம் போயாயிற்று. குடைக்கம்பிகள், மூடி இல்லாத டப்பாக்கள், ஜோடி தொலைந்த செருப்புகள் என்று உருண்டை சேர்த்து வைத்திருந்ததை அள்ளவே பேத்திக்கு இரண்டு நாள் பிடித்தது. மிச்சம் அந்த மூன்று கதவு பீரோ மட்டும்தான். பழைய சாமான் வாங்குகிறவரை அவள் வரச்சொல்லியிருந்தாள். அவர் சுத்தியலும் கடப்பாரையுமாகக் கீழே காத்திருந்தார். மேலேயே உடைத்துப் பலகையாகக் கொண்டுபோகலாம் என்பது அவர் யோசனை.

இது காதில் விழுந்துதான் ஒட்டகம் காலை நொண்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"நாங்க ரெண்டு பேரும் தூக்கிட்டு வந்து வெச்ச பீரோ பாப்பா இது. ஒரு கீறல் விழாம ஏத்தினோம். இத உடைக்க விட்டுட்டு நான் வீட்டுல உக்காந்து சோறு தின்னவா? முழுசா இறங்கும். என் வீட்டுல நிக்கும்."

பேத்திக்கு முப்பத்திநாலு வயது. பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறையில் வெல்டர். இருந்தாலும் ஒட்டகத்துக்கு அவள் பாப்பாதான். ஆறு வயதில் ஒரு பையோடு தாத்தாவிடம் வந்து சேர்ந்தவள். அவளுடைய துணிமணிக்காக வாங்கியதுதான் பீரோ. உருண்டைக்குச் சடை பின்னத் தெரியாது. கட்டிலை வண்டியில் கட்டும் முடிச்சைத்தான் போட்டுவிடுவார். பள்ளிக்கூடத்தில் டீச்சர் கத்தரிக்கோல் எடுத்துத்தான் ரிப்பனைக் கழற்றினார்.

"உங்க கால் எங்க, இந்த பீரோ எங்க?" என்றாள். "விழுந்தா உங்களயும் நான்தான் தூக்கணும்."

"கால் என் கால். நீ பின்னாடி பிடி. முன்னால நான்."

"நான் முன்னால போறேன், தாத்தா."

"முன்னால ஒட்டகம், பின்னால உருண்டை. முதல் நாளே பேசினது. இன்னிக்கு நீ வந்து மாத்துவியா?"

அந்தப் பேச்சு ஒட்டகத்துக்கு வேதவாக்கு. மாடிப்படியில் சுமையின் கனம் கீழே நிற்கிறவன் மேல்தான் இறங்கும். தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஏறும்போது பின்னால் வருகிறவன் கீழே. இறங்கும்போது முன்னால் போகிறவன் கீழே. ஆகவே ஒருவன் எப்போதும் முன்னால், ஒருவன் எப்போதும் பின்னால் என்று வைத்துக்கொண்டால் ஏற்றத்தில் அவனுக்குக் கனம், இறக்கத்தில் இவனுக்குக் கனம். பாதிக்குப் பாதி. மற்ற ஜோடிகள் நீயா நானா என்று படிக்குப் படி மல்லுக்கட்டியபோது இவர்கள் ஒருநாளும் அதற்காகச் சண்டை போட்டதில்லை. எங்கே போனாலும் ஒட்டகம் இதைத்தான் பெருமையாகச் சொல்வார்.

பீரோவைச் சாய்த்தார்கள். ஒட்டகம் முன்பக்கத்தைப் பிடித்தார். வாசலைத் தாண்டும்வரை நன்றாகத்தான் இருந்தது. முதல் படியில் கால் வைத்ததும் பீரோ அப்படியே அவர் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது.

"தூக்கு பாப்பா!"

"தூக்கிட்டுத்தான இருக்கேன்."

"எங்க தூக்கற? சும்மா கைய வெச்சு தடவிக்கிட்டு நிக்கற! பட்டறையில இப்படித்தான் வேலை பாக்கறியா?"

"ஐயோ, நீங்க கீழ இருக்கீங்க. கீழ இருந்தா கனக்காதா?"

இரண்டாவது படி. மூன்றாவது படி. வலது முழங்கால் மடங்கேன் என்றது, மடங்கியபின் நிமிரேன் என்றது. ஐந்தாவது படியில் கண் இருட்டியது. எட்டாவது படி தாண்டித் திருப்பத்து மேடையில் பீரோவைத் தொப்பென்று வைத்துவிட்டு, சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். பேத்தி கதவுகளைத் தடவிப் பார்த்தாள். நல்லவேளை, கீறல் இல்லை.

"இவ்வளவு கனமா இருந்ததில்ல இது," என்றார். "ஏத்தினப்போ பஞ்சு மாதிரி வந்துச்சு."

"உங்களுக்கு."

"என்ன உங்களுக்கு?"

"ஏத்தினப்போ நீங்க மேல இருந்தீங்க. தாத்தா கீழ."

"ஏறும்போது அவன், இறங்கும்போது நான். அதான பேச்சு?"

பேத்தி உதட்டைக் கடித்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று அவள் யோசிப்பது அவருக்கே தெரிந்தது.

"இறங்கும்போது எத்தன தடவ எதையாவது தூக்கியிருக்கீங்க, தாத்தா?"

என்ன கேள்வி இது என்று விரலை மடக்கி எண்ணத் தொடங்கினார். ஏற்றியவை ஞாபகத்துக்கு வந்தன. வக்கீல் வீட்டு மேசை, நாலு மாடி. பல் டாக்டரின் நாற்காலி. புதுசாகக் கல்யாணமானவர்களின் கட்டில்கள், கணக்கே கிடையாது. இறக்கியவை? கடை வாசலில் பெரிய எழுத்தில் பலகை தொங்கியது: விற்ற பொருள் திரும்ப வாங்கப்படாது. முப்பத்தெட்டு வருஷமும் அந்தப் பலகைக்கு அடியில் நின்றுதான் அவர் பீடி குடித்தார்.

"ஒண்ணு ரெண்டு இருக்கும்," என்றார். யோசித்தார். "ஒரு ஸ்டூல். மாடி தப்பி ஏத்திட்டோம்."

பேத்திக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினாள். முடியவில்லை. ஒட்டகத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவனுக்குத் தெரியுமா?"

"முதல் வாரத்துலயே தெரியுமாம்."

"சொல்ல வேண்டியதுதான? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"நானும் கேட்டேன். குடல் இறங்கி பெல்ட்டு போட்டிருந்தாரே, அப்போ. 'சொன்னா அந்த ஒட்டகம் உடனே ரோஷப்பட்டு கீழ வந்து நிப்பான். அவன் காலுக்கு எந்தப் படி எங்க இருக்குன்னே தெரியாது. உருண்டு விழுந்து என்னயும் கொன்னுடுவான்'னாரு."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாம்ல?"

"'பத்து வருஷம் கழிச்சு சொன்னா பத்து வருஷத்துக்கும் சேத்து சண்டை போடுவான், யாரால முடியும்'னாரு."

"போட்டிருப்பேன்!" என்று ஒட்டகம் கத்தினார். குரல் மூன்று மாடிக்கும் கேட்டது. "விடுவேனா? பெரிய தியாகின்னு நினைப்பு. பெல்ட்டு எதுக்குடான்னு கேட்டா, தொப்பையைக் குறைக்கன்னான். நானும் ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சேன். என்னை மடையனாக்கிட்டு நிம்மதியா படுத்துட்டான் பாரு!"

சத்தம் கேட்டுப் பழைய சாமான்காரர் சுத்தியலோடு மேலே வந்தார். "முடியலன்னா விடுங்க பெரியவரே. அரை மணி நேரத்துல பிரிச்சுடறேன்."

"அந்தச் சுத்தியலைக் கண்ணுல காட்டாத. போ கீழ."

எழுந்தார். முன்பக்கத்தைப் பிடித்துத் தூக்கினார். பீரோ ஒரு சாண்கூட எழும்பவில்லை. இன்னொரு முறை முயன்றார். பேத்தி வந்து அவர் கையை விலக்கிவிட்டுக் கீழே போய் நின்றாள். தாத்தாவைப் போலவே குட்டை. பீரோ அவள் தோளில் சரியாகப் பொருந்தியது.

"மேல போய்ப் பிடிங்க."

"மறுபடியும் மேலயா?"

"அஞ்சு மணிக்குச் சாவி கொடுக்கணும். பிடிங்க தாத்தா."

பிடித்தார். வேறு வழியில்லை. பீரோ பஞ்சு மாதிரி இறங்கியது. ஒவ்வொரு படிக்கும் கீழிருந்து அவள் மூச்சு விடுவது கேட்டது. நாலரைக்கெல்லாம் பீரோ கீறலில்லாமல் தெருவில் நின்றது. பழைய சாமான்காரர் ஏமாற்றத்தை மறைத்துக்கொண்டு, "இந்த வயசுல பலே ஆள்தான் நீங்க," என்றார்.

"மேல நின்னவன பாராட்டாதய்யா," என்று எரிந்து விழுந்தார் ஒட்டகம்.

பேத்தி சுவரில் சாய்ந்து தோளைப் பிசைந்துகொண்டிருந்தாள். அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"பாதிப் பாதின்னுதான் பேச்சு, பாப்பா. முப்பத்தெட்டு வருஷத்துல பாதி பத்தொன்பது. பத்தொன்பது வருஷம் நான் கீழ நின்னிருக்கணும். நிக்கல. உங்க தாத்தாவுக்கு நான் அத தரணும்."