அண்ணியின் பாசித் தொட்டி

நாத்தனாரும் அண்ணியும் ஒரே இடத்தில் வேலை பார்த்தால் எலியும் பூனையுமாகத்தான் இருப்பார்கள் என்று யார் கிளப்பிவிட்டார்களோ! இவர்கள் இருவரும் ஒரு பெரிய மருத்துவமனையின் கழிவுநீர் நிலையத்தில் ஒன்றாகத்தான் வேலை பார்த்தார்கள். நாத்தனாருக்குச் சோதனைக்கூடம், அண்ணிக்குப் பாசித் தொட்டி.

நோயாளிகள் விழுங்கும் வலி மாத்திரையில் ஒரு பங்கு சிறுநீரோடு வெளியேறிவிடும். மற்ற அழுக்கெல்லாம் சுத்திகரிப்பில் போனாலும் மருந்து மட்டும் நழுவி ஆற்றில் கலக்கும். அதைப் பிடிக்கத்தான் இந்தத் தொட்டி. முழங்கால் ஆழத்தில் பச்சைப் பசேலென்ற தண்ணீர். வெயிலும் பாசியும் சேர்ந்து மருந்தைச் சிதைக்க வேண்டும். பாசி அடியில் படுத்துவிடாமல் அண்ணி மணிக்கொரு தரம் நீளத் துடுப்பால் கலக்குவாள். பாசிக்குப் பசியா, மூச்சுமுட்டலா என்று பார்த்தே சொல்லிவிடுவாள். நாத்தனார் கருவியில் வைத்துப் பார்த்தால் கருவியும் அதையேதான் சொல்லும். படித்தவளுக்கு இதில் பொறாமை வந்திருக்க வேண்டும், வந்ததென்னவோ பெருமைதான்.

மாதக் கடைசிக்குள் மருந்து பாதியாவது குறையாவிட்டால் தொட்டியை மூடிவிடுவதாகப் பொறியாளர் சொல்லியிருந்தார். முதல் இரண்டு வாரம் நன்றாகவே குறைந்தது. மூன்றாம் வாரம் எல்லாம் தலைகீழ். உள்ளே போகும் தண்ணீரைவிட வெளியே வரும் தண்ணீரில் மருந்து அதிகம். பாசி உட்கார்ந்து மாத்திரை செய்கிறதா என்ன? நாத்தனார் கருவியைச் சந்தேகப்பட்டாள், புட்டிகளைச் சந்தேகப்பட்டாள், கடைசியில் தன் படிப்பையே சந்தேகப்பட்டாள்.

அன்று மதியம் உடை மாற்றும் அறையில் அண்ணி சுவர்ப் பக்கம் திரும்பி நின்று எதையோ தேய்த்துக்கொண்டிருந்தாள். துடுப்புப் போட்டுப் போட்டு வலது மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது. கையில் வலிக் களிம்பு. நாத்தனார் வாங்கிப் பின்பக்கம் எழுதியிருந்ததைப் படித்தாள். அதே மருந்து.

உள்ளே வரும் தண்ணீரைக் குழாயில் பிடிப்பார்கள். வெளியே போகும் தண்ணீருக்கோ அண்ணி அந்தக் களிம்புக் கையையே முழங்கை வரை விட்டுப் புட்டியை அமுக்கி நிரப்புவாள். கை வலி என்று தெரிந்தால் வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்களே என்று ஒரு வாரமாக வாயைத் திறக்கவில்லை.

களிம்புப் பேச்சே வேண்டாம், புட்டி சுத்தமில்லை என்று எழுதிவிட்டுத் தானே மறுபடி எடுத்துவிடுவதாக நாத்தனார் கெஞ்சினாள்.

“அப்படி எழுதினா நீ சரியா கழுவலைன்னுதானே ஆகும்? என் கையால வந்தது. நானே போய்ச் சொல்லிடறேன்.”

சொன்னபடியே போனாள். பொறியாளரின் மேசைமேல் வீங்கிய கையை வைத்து, ஒன்றுவிடாமல் சொன்னாள். அந்த இடத்தில் தான் இருந்திருந்தால் இந்தத் துணிச்சல் வந்திருக்காது என்று நாத்தனாருக்கு நன்றாகத் தெரிந்தது. பொறியாளர் கை ஆறும்வரை வீட்டில் இருக்கச் சொன்னார். துடுப்பு நிலையத்துக் காவல்காரர் கைக்குப் போனது. திரும்ப வேலை உண்டா என்பதைப் பற்றி அவர் மூச்சே விடவில்லை.

நாத்தனார் கையுறை போட்டு, ஒரு வாரம் தினமும் தண்ணீர் எடுத்தாள். கடைசி நாள் கணக்கில் பத்தில் எட்டுப் பங்கு மருந்தைக் காணோம். தாளைப் பொறியாளரிடம் நீட்டி, அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனாள்.

கதவைத் திறந்த அண்ணி வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“பாசி தின்னுச்சா?”

“தின்னுடுச்சு அண்ணி. பத்துல எட்டு.”

அண்ணி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணைத் துடைக்க வலது கையைத் தூக்கினாள், வலித்தது, இடது கையால் துடைத்துக்கொண்டாள்.

“இன்னொரு தொட்டி கட்டப் போறாங்களாம். ரெண்டையும் நீங்கதான் பார்த்துக்கணுமாம். எப்போ கலக்கறது, எப்போ விடறதுன்னு காவல்காரருக்கு ஒண்ணுமே புரியலையாம். ஆனா துடுப்பை மட்டும் நீங்க தொடவே கூடாதுன்னு சார் கண்டிப்பா சொல்லிட்டார்.”

“தொட மாட்டேன்” என்றாள் அண்ணி.

அதை மட்டும் நாத்தனார் நம்பவில்லை.