பில்லில் ஏறாத அழைப்புகள்

டோக்கன் எண் நாற்பத்தேழு. சுவரில் சிவப்பு எழுத்தில் முப்பத்தொன்று தெரிந்தது. தஞ்சாவூரில் அந்த செல்போன் கம்பெனி அலுவலகத்தில் ஏசி நன்றாகவே ஓடியது; உட்கார நாற்காலிதான் ஆறுக்கு மேல் இல்லை. சுஹைப் தூணில் சாய்ந்து நின்றான். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே அவன் உம்மாவின் பெயரில் 2004-ல் வாங்கிய சிம் கார்டின் விண்ணப்ப நகலும், அவனுடைய கூட்டாளி தங்கையனின் பழைய நம்பர் எழுதிய தாளும் இருந்தன.

முறை வந்தபோது கவுண்டரில் இருந்த பெண் முகம் கோணாமல்தான் பேசினாள்.

"2005, 2006 கால் லிஸ்ட்டா சார்? அவ்வளவு பழசு எங்ககிட்ட இருக்காதே."

"பழசா இருந்தாத்தாங்க எனக்கு உதவும். வந்த மிஸ்டு கால் மட்டும் போதும்."

அவள் சிரித்துவிட்டாள். "மிஸ்டு காலுக்கா? எடுக்காத காலுக்குக் காசே போகாது சார். காசு போகலைன்னா பில்லுல ஏறாது. பில்லுல ஏறாததுக்கு நான் எங்க போறது?"

காசு போகக்கூடாது என்றுதானே இத்தனை வருடமும் ஜனங்கள் அப்படி அழைத்தார்கள். அதை அவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? நாற்பத்தெட்டாம் எண்காரர் ஏற்கெனவே அவன் தோளை இடித்துக்கொண்டு நின்றார். சுஹைப் உறையை மடித்துக்கொண்டு வெளியே வந்தான்.

சென்னையில் ஐந்து வருடம் அடுத்தவர் கம்பெனிக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்துவிட்டு, போதும் என்று 2010-ல் திரும்பியவன் சுஹைப். சொந்த ஊர் அதிராம்பட்டினம். தொழில் ஆரம்பித்தது பூதலூரில், பம்ப்செட் மோட்டார் ரிப்பேர் பார்க்கும் தங்கையனோடு. இருவரும் சேர்ந்து ஒரு பெட்டி செய்தார்கள். 'ஓசை' என்று அதற்குப் பெயர். மோட்டார் கொட்டகையில் ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் மாட்டிவிட வேண்டும். உள்ளே ஒரு சிம் இருக்கும். மும்முனை மின்சாரம் வந்ததும் பெட்டி விவசாயியின் செல்லுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கும். அவர் பதிலுக்கு இரண்டு ரிங் விட்டு வைத்துவிட்டால் மோட்டார் ஓடும். நாலு ரிங் விட்டால் நிற்கும். யாரும் போனை எடுப்பதில்லை, யாருக்கும் செலவில்லை. டச் போன் வைத்திருப்பவர்களுக்காக இதையே செய்யும் ஆப் ஒன்றும் சுஹைப் எழுதியிருந்தான். நாலு வருடத்தில் இருநூற்றுப் பதினான்கு கொட்டகைகளில் ஓசை ஏறியிருந்தது.

யோசனை அவன் மூளையில் உதித்ததல்ல. அவனுடைய வாப்பா ஜெக்கரியா ஷார்ஜாவில் துணிக்கடையில் நின்ற காலத்தில், வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் வீட்டுக்கு இரண்டு ரிங் விடுவார். நலமாக இருக்கிறேன் என்று பொருள். மூன்று விட்டால், ஊருக்கு வருகிற ஆளிடம் சாமான் கொடுத்தனுப்பியிருக்கிறேன் என்று பொருள். உம்மா ஜன்னத் பீவி போனைத் தொடமாட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணுவாள். பூதலூர்ப் பக்கமும் அதே கதைதான். கரண்ட் வந்ததும் கொட்டகைக்குப் பக்கத்து வயல்காரர் ஒரு ரிங் விடுவார். மோட்டார்க்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடுவார். எண்ணுகிற வேலையை மனிதர்களிடமிருந்து வாங்கிப் பெட்டியிடம் கொடுத்ததுதான் சுஹைப் செய்தது. காப்புரிமை வாங்கி வைத்துக்கொள் என்று சென்னை நண்பன் ஒருவன் சொன்னபோது, "ஊரே பண்றத எம் பேருல எழுதிக்க வெக்கமா இருக்காதாடா?" என்று கேட்டான்.

வெட்கப்படாத கம்பெனி ஒன்று பெங்களூரில் இருந்தது. எடுக்கப்படாத அழைப்பின் மணிகளை எண்ணிக் கருவியை இயக்கும் முறை என்று 2007 மார்ச்சில் விண்ணப்பம் போட்டு, தன் பெயரில் வாங்கி வைத்திருந்தது. அந்தக் கம்பெனி ஒரு பெட்டிகூடச் செய்ததில்லை. இந்த மாதிரித் தாள்களை வாங்கி அடுக்கிக்கொண்டு, செய்கிறவர்களுக்கு நோட்டீஸ் விடுவதே அதன் பிழைப்பு.

தை மாதம் முதல் நோட்டீஸ் வந்தபோது சுஹைப் பதறவில்லை. வக்கீல் வீட்டுக்கும் போகவில்லை. விவரம் தெரியாமல் அனுப்பியிருக்கிறார்கள், மரியாதையாக எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்று தானே உட்கார்ந்து ஆங்கிலத்தில் ஒரு பக்கம் பதில் எழுதினான். இது எங்கள் கண்டுபிடிப்பு அல்ல என்பது முதல் வரி. எங்கள் ஜனங்கள் வெகுகாலமாகச் செய்துவருவது என்பது இரண்டாவது வரி. கம்பெனி முதல் வரிக்குக் கீழே கோடு போட்டு, டெல்லியில் ஒரு நீதிமன்றத்தில் கொண்டுபோய்க் காட்டியது. எதிர்த்தரப்பு வராமலே ஓசையை விற்க இடைக்காலத் தடை வாங்கியது. அதே வாரம் செல்போன் ஆப் ஸ்டோரிலிருந்து அவனுடைய ஆப்பும் தூக்கப்பட்டது. மூன்று வரி மின்னஞ்சல் வந்தது, கீழே அனுப்பியவர் பெயர்கூட இல்லை.

இதற்கெல்லாம் பிறகுதான் அவன் வழக்கறிஞர் நீலாயதாட்சியிடம் போனான். தஞ்சாவூரில் முப்பது வருடமாக நில வழக்கு பார்க்கிறவர் அவர். காகிதங்களை முழுக்கப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த லெட்டர எழுதறதுக்கு முன்னாடி ஏம்ப்பா என்கிட்ட வரல?"

"உண்மையத்தானே மேடம் எழுதினேன்."

"உண்மைதான். ஆனா நெலத் தகராறுக்கு வர்றவங்கள்ளாம் அது என்னோடதும்பாங்க. என்னோடது இல்லன்னு எழுதிக் கொடுத்துட்டு வந்த ஆளு நீதான்." அவர் ஒரு பேனாவை எடுத்தார். "சரி. அனுபோகம் உங்களதுதான். ஆனா சர்க்கார் அடங்கல் கணக்குல பேரு இல்ல. 2007-க்கு முன்னாடியே இது பழக்கத்துல இருந்துச்சுன்னு ஒரு துண்டுச் சீட்டு கொண்டா. எதுல எழுதியிருந்தாலும் பரவால்ல."

அந்தத் துண்டுச் சீட்டுக்குத்தான் இந்த டோக்கன், இந்தத் தூண், எல்லாம்.

அன்று மாலை அதிராம்பட்டினத்துக்கு பஸ் ஏறினான். ஜன்னத் பீவி விஷயத்தைக் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு அவனெதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நான் எண்ணுனத எவனோ எழுதி வாங்கிட்டானா?" என்றாள். "எண்ணுனவ உசுரோடதானே இருக்கேன். என்னையக் கூட்டிட்டுப் போ கோர்ட்டுக்கு."

"பேப்பர் வேணுமாம் உம்மா. ஏதாவது எழுதி வச்சிருந்தீங்களா?"

"எழுதத் தெரிஞ்சா நான் ஏன் இப்படி இருக்கேன்? காலண்டர்ல கோடு போட்டு வைப்பேன்."

பழைய மாதக் காலண்டர் தாள்களை அவள் அலமாரித் தட்டுகளில் விரித்திருந்தாள். பாத்திரங்களை இறக்கி ஒவ்வொரு தாளாக உருவினார்கள். பெரும்பாலானவை எண்ணெய் பட்டு இற்றுப்போயிருந்தன. மேல் தட்டில் மட்டும் 2005 அக்டோபர் முழுசாகக் கிடைத்தது. நாலு வெள்ளிக்கிழமைகளின் கட்டத்திலும் பென்சில் கோடுகள். மூன்று வாரம் இரண்டிரண்டு, கடைசி வாரம் மூன்று.

"அந்த நோம்புக்குத்தான் வாப்பா ஒனக்குச் சட்டைத்துணி கொடுத்தனுப்புனாங்க" என்றாள் உம்மா. சுஹைப் தாளை நாலாக மடித்துப் பைக்குள் பத்திரமாக வைத்தான். நாலு மாதத்தில் முதல் தடவையாக அன்று வயிறாரச் சாப்பிட்டான்.

மறுநாள் நீலாயதாட்சி அந்தத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"கோடு இருக்கு. என்ன கோடுன்னு எழுதலையே. பால் கணக்குன்னு சொல்லுவாங்க." தாளை மெதுவாக மேசையில் வைத்தார். "இத வச்சு வாதாடவே முடியாதுன்னு சொல்லல. உங்கம்மாவும் சாட்சி சொல்லலாம், ஊர்க்காரங்களும் சொல்லலாம். ஆனா மனுஷங்க எண்ணறது வேற, மெஷின் எண்ணறது வேறன்னு அவங்க நிப்பாங்க. டெல்லிக்கு அலையணும். நாலு வருஷமோ அஞ்சு வருஷமோ. அதுவரைக்கும் தடை அப்படியேதான் இருக்கும்."

"அலையறேன் மேடம். நான் விடப்போறதில்ல."

அவன் மனசார அப்படித்தான் சொன்னான். சாயங்காலம் பூதலூரில் தங்கையனின் ரிப்பேர் கடைக்குப் போகும் வரை அதில் மாற்றமில்லை.

கடை வாசலில் அம்சவல்லி உட்கார்ந்திருந்தாள். மூன்று ஏக்கர் சாகுபடிக்காரி. மகன் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்கிறான். மோட்டார் கொட்டகை வீட்டிலிருந்து ஒரு மைல். அவளுக்கோ முழங்கால் மடங்காது. அந்த வருடமும் ஜூனில் மேட்டூர் திறக்கவில்லை. நாற்றங்கால் முழுக்க அந்த மோட்டாரை நம்பித்தான் நின்றது. தங்கையன் அவளுக்கு முன்னால் கையில் ஒரு நீளக் கவரோடு நின்றுகொண்டிருந்தான்.

"தம்பி, போஸ்ட்மேன் கையெழுத்து வாங்கிட்டுக் கொடுத்தாரு" என்றாள் அம்சவல்லி. "கோர்ட்டுக் கடுதாசிங்கிறாங்க. நான் யாரு சொத்தத் திருடுனேன்?"

சுஹைப் படித்தான். காப்புரிமையை மீறிய கருவியைப் பயன்படுத்துவதும் மீறலே. பதினைந்து நாளில் அகற்றாவிட்டால் உங்கள் மீதும் நடவடிக்கை எடுக்கப்படும் என்று இருந்தது. அவள் பெயரும் தகப்பன் பெயரும் சர்வே எண்ணும் தவறில்லாமல் அச்சடித்திருந்தார்கள். ஓசை வாங்கியவர்கள் பட்டியலை விசாரணைக்கென்று நீதிமன்றத்தில் கொடுத்தது அவன்தான்.

"பதினோரு பேருக்கு வந்திருக்கு தம்பி" என்றான் தங்கையன். "மத்தவங்களுக்கும் வருமாம்."

"பெட்டியக் கழட்டிடவா?" என்று அம்சவல்லி கேட்டாள். "நான் நடந்துக்குவேன். கோர்ட்டுக்கெல்லாம் என்னால ஆவாது தம்பி. பையன் அங்க இருக்கான். அவனுக்கு ஒண்ணும் வந்துடக் கூடாது பாரு."

அவள் முகத்தில் கோபமில்லை, பயம்தான் இருந்தது. அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அன்றே நீலாயதாட்சிக்குப் போன் செய்து, சமாதானமாகப் போய்விடலாம் என்று சொன்னான்.

பதினோரு நாள் கழித்து, ஒரு திங்கள்கிழமை, தஞ்சாவூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலின் மாடி அறை. சுஹைப், தங்கையன், நீலாயதாட்சி மூவரும் காத்திருந்தார்கள். கம்பெனி வழக்கறிஞர் ராகவேந்திரா பத்து நிமிடம் தாமதமாக வந்தார். வாசலில் நிறுத்த இடமில்லை, வண்டியை மேம்பாலத்துக்குக் கீழே அனுப்பியிருக்கிறேன் என்று மன்னிப்புக் கேட்டார். எல்லோருக்கும் காபி சொன்னார். நல்ல தமிழ் பேசினார்.

"எங்களுக்கும் பூர்வீகம் கும்பகோணம்தான். உங்கள ஒழிச்சுக் கட்டணும்னு யாருக்கும் ஆசை இல்ல சுஹைப். நிஜமான சண்டை வேற எடத்துல. பெரிய போன் கம்பெனி ஒண்ணோட கேஸ் நடக்குது. அந்தக் கேஸ்ல, இந்த எண்ணுற முறை எங்களுதுதான்னு சின்னச் சின்ன ஆளுங்க ஒத்துக்கிட்ட பேப்பர் எங்களுக்கு வேணும். உங்களோடது முப்பத்தெட்டாவது. கையெழுத்துப் போட்டுட்டா நஷ்டஈடு கேக்க மாட்டோம். விவசாயிகளுக்கு இனிமே நோட்டீசும் போகாது."

"அவங்களுக்குப் போன நோட்டீச வாபஸ் வாங்கணும்" என்றார் நீலாயதாட்சி.

"வாங்கிடுவோம் மேடம். மூணாவது பத்தியில இருக்கு."

சுஹைப் மூன்றாவது பத்தியைப் படித்தான். இருந்தது. முப்பது நாளில் இருநூற்றுப் பதினான்கு பெட்டிகளையும் கழற்ற வேண்டும் என்பதும் இருந்தது. நான்காவது பத்தியில் அவன் கண் நின்றுவிட்டது.

"என்ன தம்பி போட்டிருக்கு?" என்றான் தங்கையன்.

சுஹைப் தமிழில் சொன்னான். "2007 மார்ச்சுக்கு முன்னாடி, மிஸ்டு கால் மணிய எண்ணிச் சேதி தெரிஞ்சுக்கிற பழக்கம் யாருகிட்டயும் இருந்து நான் பாத்ததும் இல்ல, கேட்டதும் இல்லன்னு எழுதியிருக்குண்ணே."

"பாத்ததே இல்லியா? நானே ஒங்ககிட்டச் சொல்லியிருக்கேனே."

"ஆமாண்ணே."

"ஒங்க உம்மா?"

காலண்டர் தாள் சுஹைபின் பையில் நாலாக மடிந்து கிடந்தது. "இந்தப் பத்திய மட்டும் எடுத்துட முடியாதா சார்?" என்று ராகவேந்திராவைக் கேட்டான்.

"அது இல்லைன்னா மத்தது எதுக்கும் அர்த்தமில்லையே" என்றார் அவர், ஒரு சின்னக் குழந்தைக்குச் சொல்வது போல. அம்சவல்லியின் நோட்டீசுக்கு இன்னும் நாலு நாள்தான் இருந்தது. நீலாயதாட்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சுஹைப் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டான். நான்காவது பத்தியின் ஓரத்தில் தனியாக ஒன்று போடச் சொன்னார்கள், அதையும் போட்டான். தங்கையன் கூட்டாளி என்பதால் அவனும் போட வேண்டியிருந்தது. ஸ்டார்ட்டர் கம்பி பட்டுத் தழும்பேறிய விரல்களால் பேனாவை அழுத்திப் பிடித்துத் தன் பெயரை எழுத்தெழுத்தாக எழுதினான். ராகவேந்திரா காகிதங்களைச் சரிபார்த்து ஒரு பிரதியைப் பைக்குள் வைத்தார்.

மேசைமேல் இருந்த அவருடைய செல்போன் அடித்தது. ஒரு ரிங். இரண்டு ரிங். நின்றுவிட்டது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டு எழுந்தார்.

"போன் அடிச்சுதே, எடுக்கலையா?" என்றார் நீலாயதாட்சி.

"எடுக்க வேண்டாம் மேடம், டிரைவர்தான். ரெண்டு ரிங் விட்டான்னா வண்டி வாசலுக்கு வந்துடுச்சுன்னு கணக்கு."

எல்லோருடனும் கை குலுக்கிவிட்டு அவர் படியிறங்கினார். கீழே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அறையில் யாரும் எழுந்திருக்கவில்லை. மேசையில் சுஹைபுக்கான நகல் திறந்தபடி கிடந்தது. நான்காவது பத்தியின் ஓரத்தில் அவன் போட்ட கையெழுத்து இன்னும் காயவில்லை.