தோள்ல விழுந்த தட்டு

தோத்தா போதும்னு வேண்டிக்கிட்ட ஆளை நீங்க எங்கயாவது பாத்திருக்கீங்களா?

அந்த ஞாயித்துக்கிழமை ஒரு கார் பந்தய டீமோட கொட்டகையில அப்படி ஒருத்தர் இருந்தாரு. வேற யாருமில்ல, டீம் மேனேஜரேதான். வேண்டுனதோட நின்னிருந்தாருன்னா ஒருத்தருக்கும் சேதாரம் இல்ல. காலையிலேயே டயர் அடுக்குக்குப் பின்னாடி சக்கரத்தைத் தனியா கூப்பிட்டாரு.

சக்கரம்ங்கிறது பட்டப்பேரு. பந்தயத்துக்கு நடுவுல வண்டி டயர் மாத்த வந்து நிக்கும்ல, அப்ப முன்பக்கத்து இடது சக்கரத்தோட நட்டைக் கழட்டி முடுக்குற துப்பாக்கி இவன் கையிலதான். நீங்க தும்மி முடிக்கிறதுக்குள்ள வண்டி கிளம்பிரும். அந்த வண்டியை ஓட்டுறவன் இவனோட மச்சினன், பொண்டாட்டியோட கூடப்பொறந்த தம்பி. இவன் சொல்லித்தான் அவனுக்கு இந்த டீம்ல இடம் கிடைச்சுது.

டீம் வருஷக்கணக்கா கடைசி. டயர் மாத்த வண்டியைத் தூக்குற ஜாக் பிடிக்கிறவன் மட்டும் ஒத்துக்க மாட்டான். "நாம கடைசி இல்லப்பா, எல்லாரையும் முன்னால அனுப்பிட்டுப் பின்னால காவலுக்குப் போறோம்"பான்.

அந்த வருஷம் புது விதி வந்திருந்துச்சு. எப்பப் பாத்தாலும் ஒரே டீம் ஜெயிச்சா டிக்கெட் வாங்குனவன் கொட்டாவிதானே விடுவான்? காருக்கு எந்த வளைவு சரியா வரும்னு பாக்க பெரிய காத்தாடி வச்ச ஒரு அறை உண்டு. சின்னதா ஒரு கார் செஞ்சு உள்ள நிறுத்தி காத்தடிச்சுப் பாப்பாங்க. முன்னால இருக்கிற டீமுக்கு அந்த அறையில நேரம் கம்மி, கடைசி டீமுக்கு ஜாஸ்தின்னு விதி. நோஞ்சான் பிள்ளைக்கு ரெண்டு கரண்டி கூட வைக்கிற மாதிரி. நல்ல மனசோட போட்ட விதிதான். பாதி வருஷத்துல யார் எந்த இடமோ, அதைப் பாத்துத்தான் நேரத்தைப் பிரிப்பாங்க. அந்தப் பாதி அன்னைக்கோட முடியுது.

கடைசியில ரெண்டு டீம், இவங்களும் பக்கத்து கொட்டகைக்காரனும். ரெண்டு பேருக்கும் புள்ளி சுழி, ஆனா முடிச்ச இடங்களைப் பாத்தா இவங்கதான் கடைசி. சக்கரத்தோட டீம் ஒத்தப் புள்ளி வாங்கிட்டா ஒரு படி ஏறிரும். கூடக் கிடைக்கிற நேரம் பக்கத்து கொட்டகைக்காரனுக்குப் போயிரும்.

ஆனா மச்சினனுக்கு அந்த ஒத்தப் புள்ளிதான் உசுரு. பாதி வருஷத்துக்குள்ள ஒரு புள்ளியாவது எடுக்கலேன்னா சீட்டை வேற ஆளுக்குக் கொடுக்கலாம்னு பேசித்தான் அவனை எடுத்திருந்தாங்க. வயசும் ஏறிப்போச்சு. இங்க எறக்கிவிட்டா வேற யாரும் ஏத்திக்க மாட்டாங்க.

இதெல்லாம் தெரிஞ்சுதான் மேனேஜர் கேட்டாரு. ரேடியோவுல மெதுவாப் போன்னு சொன்னா ஊரே கேக்குமாம். வண்டி கடைசியா டயர் மாத்த வர்றப்ப புள்ளி கிடைக்கிற இடத்துல இருந்தா, நட்டு கொஞ்சம் மக்கர் பண்ணினா நல்லதாம். அடுத்த வருஷ வண்டியும் இப்படியே நொண்டினா கடையைச் சாத்திருவாங்க, இத்தனை குடும்பமும் தெருவுக்கு வந்துரும்னாரு. சக்கரம் சரின்னும் சொல்லல, முடியாதுன்னும் சொல்லல. கைத்துணியில கையைத் துடைச்சுக்கிட்டே நின்னான். அதுதான் அவன் செஞ்ச தப்பு. வாய் தொறக்காம நின்னா அது சம்மதம்னு மேனேஜர் எடுத்துக்கிட்டாரு.

பந்தயத்துல அன்னைக்கு முன்னால போனவங்க ஒருத்தனை ஒருத்தன் இடிச்சு ஒதுங்கினாங்க. மச்சினன் எப்படியோ நெளிஞ்சு வளைஞ்சு பத்தாவது இடத்துக்கு வந்துட்டான். பத்துக்குத்தான் கடைசிப் புள்ளி. கொட்டகையில எல்லாரும் மூச்சை அடக்கிக்கிட்டு டிவியைப் பாக்குறாங்க. சக்கரம் மனசுல தீர்மானம் பண்ணிட்டான். மேனேஜராவது மண்ணாங்கட்டியாவது, எப்பவும் போல முடுக்கி அனுப்புறதுதான்.

வண்டி வந்து நின்னுச்சு. துப்பாக்கியை வச்சான், பழைய சக்கரம் போச்சு, புதுசு வந்துச்சு. அந்த நேரம் பாத்து காலையில கேட்ட குரல் காதுக்குள்ள வந்துச்சு. அவ்வளவுதான். கை ஒரு மயிரிழை சாஞ்சுது. நட்டு கோணலா ஏறிக் கடிச்சுக்கிச்சு. திருப்பிக் கழட்டி மறுபடி வச்சு முடுக்குறதுக்குள்ள பின்னால வந்த ரெண்டு வண்டி விர்ருனு தாண்டிப் போயிருச்சு.

செஞ்சானா, தானா நடந்துச்சா? அவனுக்கே தெரியல. உக்காந்த இடத்துல துப்பாக்கியைப் பிடிச்சபடியே இருந்தான். மேனேஜர் பக்கத்துல வந்து அவன் தோள்ல ஒரு தட்டு தட்டிட்டுப் போனாரு.

மச்சினன் பன்னெண்டாவதா முடிச்சான். அவனுக்கு முன்னால முடிச்ச ரெண்டு வண்டியை அதிகாரிங்க சோதனைக்குன்னு ஓரங்கட்டினாங்க. இவங்க கொட்டகையில யாரும் அதைத் திரும்பிக்கூடப் பாக்கல.

பின்னறையில மச்சினன் பெஞ்சுல உக்காந்திருந்தான். நட்டு மக்கர் பண்ணினதுக்கு அவன் கோவப்படல. அதெல்லாம் சகஜம்னு அவனுக்குத் தெரியும். டிவியில டயர் மாத்தின காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கிட்டிருந்தான்.

"மாமா, நட்டு மாட்டிக்கிச்சு. சரி. மேனேஜர் எதுக்கு உங்க தோள்ல தட்டினாரு?"

"ஆறுதலுக்கு, மாப்ள."

"போன மாசம் ஜாக்காரன் ஒரு நொடி லேட்டானதுக்கு அவன் அப்பன் ஆத்தாளையெல்லாம் இழுத்த மனுசன் அவரு."

சக்கரம் கைத்துணியை மடிச்சான். காலையில இருந்து நடந்ததை ஒண்ணுவிடாமச் சொல்லிரலாம். வேணும்னு செய்யலைன்னு சத்தியமும் பண்ணலாம். ஆனா அந்தச் சத்தியத்தை அவனே முழுசா நம்பலையே.

"கேட்டாரு. நான் சரின்னு சொல்லல"ன்னான்.

"முடியாதுன்னு சொன்னீங்களா?"

மச்சினன் கையுறையை உருவி பெஞ்சுல வச்சான். "எங்கக்காவுக்கு நான் சொல்ல மாட்டேன், மாமா. நீங்களே சொல்லிக்கங்க."

சாயங்காலம் மேனேஜர் மச்சினனை உள்ள கூப்பிட்டு, சீட்டு வேற ஆளுக்குன்னு சொல்லிட்டாரு. அவனும் மறுபேச்சுப் பேசாம விலகுற தாள்ல கையெழுத்துப் போட்டுட்டு, யாருகிட்டயும் சொல்லாமக் கிளம்பிட்டான். கொஞ்ச நேரத்துல சக்கரத்தோட பொண்டாட்டி போன் பண்ணினா. தம்பி போனை எடுக்க மாட்டேங்கிறான், என்ன ஆச்சுன்னு கேட்டா. நட்டு கோணிக்கிச்சுன்னான். "உங்க கையிலயா"ன்னு கேட்டா. ஆமான்னான். அவ போனை வைக்கல. அடுப்புல ஏதோ கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டு இருந்துச்சு.

மறுநாள் காலையில தீர்ப்பு வந்துச்சு. ஓரங்கட்டின ரெண்டு வண்டிக்கும் அடியில மாட்டுற பலகை விதிச்ச அளவுக்கு மேல தேஞ்சிருந்துச்சாம், ரெண்டையும் நீக்கிட்டாங்க. பன்னெண்டாவது ஆள் பத்தாவது ஆனான். டீமுக்கு ஒரு புள்ளி கிடைச்சு ஒரு படி ஏறுச்சு. காத்து அறையில கூடுதல் நேரம் பக்கத்து கொட்டகைக்குப் போச்சு. எட்டு மணிக்குப் புது டிரைவர் வந்து சீட்டுக்கு அளவு கொடுத்தான்.