காந்தம் ஒட்டிய கதவு

சட்டைகளில் படம் அச்சடிக்கும் அந்தத் தானியங்கி இயந்திரத்தை ஓட்டுபவள் தங்கை. அதன் பலகைகளில் சட்டை மாட்டுபவன் அவளுடைய அண்ணன். சட்டை மாட்டும் இடம் தவிரச் சுற்றிலும் கம்பிக்கூண்டு. கூண்டுக் கதவைத் திறந்தால் இயந்திரம் தானாக நின்றுவிடும். அன்று காலை மேனேஜர் கதவின் சென்சாரில் ஒரு காந்தத்தை ஒட்டி அதன் வாயை அடைத்தார்; இனிக் கதவு திறந்தாலும் இயந்திரம் நிற்காது.

"சாயங்காலம் லாரி வருது. தொட்டதுக்கெல்லாம் நின்னுட்டிருந்தா ஆர்டர் கைவிட்டுப் போயிடும்."

தங்கை அந்தக் காந்தத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். ஆனாலும் ஓட்டினாள்.

மதியத்துக்கு மேல், சட்டையில் விழுந்த கிளிப் படத்தின் சிவப்பு மை கறுப்புக் கோட்டைவிட்டு நழுவத் தொடங்கியது.

"இது கிளியா, சளி புடிச்ச கோழியா?" என்றான் அண்ணன். ஒரு பலகையின் திருகு தளர்ந்திருந்தது.

"இருண்ணா, நிறுத்தறேன்."

"வேணாம் குட்டி. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடுக்கிடுவேன்."

கதவைத் திறந்து கையை விட்டான். பலகைகள் சுழன்றன. மேலிருந்து அச்சுச் சட்டம் அவன் விரல்கள்மேல் இறங்கியது.

தங்கை சிவப்புப் பொத்தானை அறைந்தாள். சுழற்சி நின்றது, ஆனால் காற்றழுத்தம் சட்டத்தை விடவில்லை. அண்ணனின் அலறல் கூரையைப் பிய்த்தது.

"திரும்ப ஸ்டார்ட் பண்ணு, தானா தூக்கிடும்!" என்று மேனேஜர் கை நீட்டினார்.

"தொடாதீங்க! சுத்துச்சுன்னா கையே போயிடும்!"

மை வழுக்கும் தரையில் தவழ்ந்து இயந்திரத்துக்கு அடியில் புகுந்தாள். காற்றுக்குழாயின் வால்வு அசைய மறுத்தது. துப்பட்டாவைச் சுற்றி, உடம்பையே கொடுத்துத் திருகினாள். 'திரும்பு, தாயே, திரும்பு' என்று யாரிடம் கெஞ்சினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. சீறிக்கொண்டு காற்று வெளியேறியது. பக்கத்தில் மை காயவைக்கும் உலையை ஓட்டுபவர் ஓடிவந்து, கம்பியால் நெம்பிச் சட்டத்தைத் தூக்கினார்.

மருத்துவமனையில் மோதிர விரலை எடுத்துவிட்டார்கள். அண்ணி அழவில்லை.

"நீ பக்கத்துலதானே இருந்தே?"

அவள் மை படிந்த தன் துப்பட்டாவைக் கையில் சுருட்டினாள்.

மறுநாள் மேனேஜர், "லாரியை நிறுத்தி வெச்சிருக்கேன். மிச்சத்தை முடிச்சுடலாம்மா" என்றார், குரலைத் தாழ்த்தி. அவள் காந்தத்தைப் பிடுங்கிக் குப்பையில் எறிந்தாள்.

"கதவு திறந்தா நிக்கணும். இல்லேன்னா வேற ஆளைப் பாருங்க."

உலை ஓட்டுபவர் தன் உலையை அணைத்துவிட்டு அவளருகே வந்து நின்றார். பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். மேனேஜர் சரியென்று தலையசைத்தார்.

அவள் எல்லாத் திருகுகளையும் முடுக்கி, முதல் சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கிளி பிசகாமல் விழுந்திருந்தது. கண் கலங்க, அந்தச் சிவப்பு அவளுக்கு ரத்தமாகத் தெரிந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த சட்டைக்குக் கை நீட்டினாள்.