சலாதுப் பெட்டி

செத்த வீட்டுப் படலையைப் பூட்டுவதில்லை. மடத்துவெளியில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவு முடியும்வரை படலை திறந்தே கிடக்கும். துக்கம் கேட்கிறவர்கள் வருவார்கள், போவார்கள். ரஜீபனின் வீட்டிலும் அப்படித்தான் கிடந்தது. ஊர்ச்சனத்துக்குப் பின்னால் ஒருநாள் விடியற்காலையில் ஆடுகளும் வந்தன.

அவன் பல் விளக்கக் கிணற்றடிக்குப் போனபோது அவை வேலையை முடித்துவிட்டுப் போயிருந்தன. தென்னங்கிடுகு நிழலுக்குக் கீழே, மனைவி லோஜனா விதைத்த சிவப்புச் சலாதுப் பாத்தியில் குட்டைத் தண்டுகள் மட்டும் நின்றன. கடிபட்ட இடங்களில் வெள்ளைப் பால் கசிந்திருந்தது. கோபம் வர வேண்டும் என்று நினைத்தான். வரவில்லை. பல் விளக்கி முகம் கழுவினான்.

பச்சையாகத் தின்கிற இந்தச் சலாதுக் கீரை தீவுப் பகுதிக்குத் தோதான பயிரல்ல. குளிரும் நல்ல தண்ணீரும் கேட்கும். வீட்டுக் கிணறோ உப்புச் சவர். அதை ஊற்றினால் இலையின் ஓரம் கருகும், கருகாத பாதி கைக்கும். லோஜனா யாழ்ப்பாணத்துக் கடையொன்றில் விதைப் பக்கெற்றின் படத்தைப் பார்த்து மயங்கி வாங்கி வந்தாள். மாரி மழை ஓயும் நேரமாகப் பார்த்து விதைத்தாள். பவுசர் வண்டியில் வாங்கும் தண்ணீரில் அரிசி கழுவி, அந்தக் கழுநீரைக் கொண்டுபோய் ஊற்றினாள். அது போதாத நாட்களில் குடிக்கிற தண்ணீரிலும் கை வைத்தாள்.

"நாங்கள் குடிக்க முதல் அது குடிக்குது" என்று ரஜீபன் ஒருநாள் சொன்னான்.

"நீர் குடிச்சு என்னத்தைக் கண்டீர்? அது வளருது."

அவர்கள் இருவரும் பல்கலைக்கழகத்தில் ஒரே வகுப்பு. கலியாணம் முடித்த பிறகும் நீர், உமக்கு என்றுதான் பேசிக்கொண்டார்கள். பெரியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. அவள் மாற்றவில்லை.

காய்ச்சல் தொடங்கிய காலையிலும் அவள் பாத்திக்குப் போனாள். வெயில் ஏறுமுன் வெட்ட வேண்டும், ஏறினால் இலை வாடிவிடும் என்பது அவள் கட்டிக் காத்த சட்டம். குருத்தை விட்டு வெளியிலைகளை மட்டும் கிள்ளினாள். கழுவவில்லை. கழுவி வைத்தால் அழுகும், தின்கிற நேரம்தான் கழுவ வேண்டும். அவனுடைய பழைய சாறத்தில் கிழித்த துண்டொன்றில் இலைகளைச் சுற்றி, பிளாஸ்ரிக் பெட்டியில் போட்டு, பிறிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தாள்.

"பழத்துக்குப் பக்கத்தில வைச்சிடாதையும், கெதியா அழுகிடும். துணி ஈரமானா மாத்த வேணும். நாளைக்கு முட்டைப் பொரியலோட சாப்பிடுவம்."

மறுநாள் அவளை யாழ்ப்பாணம் ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். டெங்கு என்றார்கள். கொண்டு போனவர்களோடு அவள் திரும்பி வரவில்லை. அவர்கள்தான் அவளைக் கொண்டு வந்தார்கள்.

பெட்டி பிறிட்ஜில் இருந்தது. வீட்டில் அவள் கைபட்டு மிச்சமாக இருந்தவை பல. சீலைகள், சீப்பு, பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும் பை. அவையெல்லாம் முடிந்துபோன காரியங்கள். இந்தப் பெட்டி மட்டும் நாளைக்கென்று எடுத்து வைத்தது. ரஜீபனுக்கு அதைக் காப்பாற்ற வேண்டும் போலிருந்தது. வேறு எதையும் காப்பாற்ற வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

காப்பாற்றும் வழி அவனுக்குத் தெரியும். திறந்து பார்க்க வேண்டும், அழுகிய இலையை எடுத்தெறிய வேண்டும், ஈரத் துணியை மாற்ற வேண்டும். ஆனால் துணியைப் பிரித்தால் அவள் மடித்த மடிப்புப் போய்விடும். பிறகு இருப்பது அவன் மடித்த பொதி. பிரிக்காவிட்டால் உள்ளே அழுகும். கணக்குப் படிப்பிக்கிற வாத்தியாருக்கு இதில் விடை வரவில்லை. காலையும் மாலையும் பிறிட்ஜைத் திறந்து பெட்டியைப் பார்ப்பான். மூடுவான்.

ஒருநாள் யாரோ கொண்டு வந்த வாழைப்பழச் சீப்பை உறவுக்காரர் பெட்டியோடு ஒட்டி வைத்துவிட்டார்கள். அவன் அதைத் தூக்கிக் கொண்டுபோய் விறாந்தையில் வைத்தான். யாரோ திரும்ப உள்ளே வைத்தார்கள். அவன் திரும்ப வெளியே வைத்தான்.

"தம்பிக்கு வாழைப்பழத்தில என்ன கோவம்?" என்று முன்வீட்டுச் சிவபாதத்தின் மனைவி கேட்டாள்.

தலை கலங்கின பிள்ளை, விடுங்கோ என்று அவள் மற்றவர்களுக்குக் கண்ணைக் காட்டியது அவனுக்கும் தெரிந்தது.

எட்டுச் செலவு நாள் வந்தது. செத்தவருக்கு உயிரோடிருந்தபோது எதெல்லாம் விருப்பமோ அதெல்லாம் சமைத்து அன்று பின்னேரம் படைக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஆவி வாசலில் நிற்கும் என்பார்கள். குசினியில் லோஜனாவின் தாய் கமலாதேவி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். தங்கை நிலாந்தினி இறால் உடைத்துக்கொண்டிருந்தாள். சிவபாதம் வாசற்படியில் குந்தியிருந்து ஆலோசனை சொன்னார்.

"பிள்ளைக்குக் கணவாய்க் கறி எண்டால் உயிர்."

"ஆருக்கு?" என்றாள் அவர் மனைவி. "உங்கட வாய்க்கு ருசியானதையெல்லாம் செத்த பிள்ளையின்ர தலையில கட்டாதையுங்கோ. அவள் கணவாயைக் கண்டா மூக்கைப் பொத்துவாள்."

"அப்ப ஒடியல் கூழ்?"

"அதுவும் உங்களுக்குத்தான்."

நிலாந்தினி சிரித்தாள். சிரித்தபடியே அழுதாள். இறால் கையால் கண்ணைத் துடைத்து, எரிகிறதென்று எழும்பி ஓடினாள். திரும்பி வந்தவள் சொன்னாள்: "அம்மா, அந்தச் சிவப்பு இலை! அக்கா நெடுகப் படம் எடுத்து அனுப்புவா. தேசிக்காய்ப் புளி விட்டுப் பச்சையாத் தின்னுவா. அதை மறந்திட்டம்."

"அதை ஆடு திண்டிட்டுதெல்லே" என்றார் சிவபாதம். "ஒரு குருத்துக்கூட இல்லை. பாத்தனான்."

"பிறிட்ஜில ஏதும் இருக்கோ அத்தான்?"

கதவோரம் நின்ற ரஜீபனைப் பார்த்துத்தான் அவள் கேட்டாள்.

"இல்லை" என்றான் அவன்.

பொய் சுலபமாக வந்தது. அவன் போய் விறாந்தைக் கதிரையில் இருந்தான். ஆவியில் அவனுக்கு நம்பிக்கை கிடையாது. வாசலில் வந்து நிற்க லோஜனாவுக்கு நேரம் இருக்குமென்றும் தோன்றவில்லை. இருந்தும் கண் படலைக்குப் போய்ப் போய் வந்தது.

பொழுது சாயும் நேரம் சாமியறையில் அவளுடைய படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டார்கள். சோறு, இறால் குழம்பு, முட்டைப் பொரியல், கத்தரிக்காய்ப் பால்கறி, வடை, அவள் விரும்பும் தோடம்பழச் சோடா. நிலாந்தினி குத்துவிளக்குக்கு எண்ணெய் விட்டாள். கமலாதேவி இலையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு விறாந்தைக்கு வந்தாள். மருமகனுக்கு முன்னால் கதிரையில் இருந்து பழகாதவள், நிலத்தில் இருந்தாள்.

"தம்பி, போன மாசம் நான் வந்தனான் எல்லோ. அந்த இலையைக் கோப்பையில போட்டுக் கொண்டுவந்து நீட்டினவள். பச்சை இலை எனக்கு ஏலாது, கொண்டுபோடி எண்டு தள்ளிவிட்டனான். முகம் சுருங்கிப் போச்சு அவளுக்கு. பேந்து வரேக்க தின்னுறன் எண்டு சொன்னனான்."

ரஜீபன் படலையைப் பார்த்தபடி இருந்தான்.

"பிறிட்ஜில கீழ்த்தட்டில கிடக்கு. வந்த அண்டைக்கே கண்டனான். உம்மட சாறத் துண்டு. அவளின்ர மடிப்பு. சின்னனிலையிருந்தே எதைச் சுத்தினாலும் ஒரு முனையை உள்ளுக்குச் செருகுவாள். நான் தொடேல்லை தம்பி. தங்கச்சிக்கும் சொல்லேல்லை. அது உம்மட."

"மாமி..."

"தாரும் எண்டு கேக்கேல்லை. சொல்லுறன்."

அவள் சுவரைப் பிடித்து எழும்பி உள்ளே போய்விட்டாள். கேட்டிருந்தால் இல்லை என்று இன்னொரு தரம் சொல்லியிருப்பான். அவள் கேட்கவில்லை. தாய் பார்த்த மடிப்பையும் தான் பார்த்த மடிப்பையும் அவன் மனதுக்குள் வைத்துப் பார்த்தான். இரண்டும் ஒரே மடிப்பு. அவள் தொடாமல் இருந்திருக்கிறாள், அவனைப் போலவே, ஒவ்வொரு நாளும்.

அவன் எழும்பிக் குசினிக்குப் போனான். பெட்டியை எடுத்து மேசையில் வைத்தான். மூடியைத் திறந்ததும் மணம் வந்தது. குளத்தடிச் சேற்று மணம். துணி நனைந்து கறுத்திருந்தது. செருகிய முனையை இழுத்தான். அது தயங்காமல் வந்தது.

மேலே இருந்த இலைகள் கூழாகிப் போயிருந்தன. விரலால் வழித்து வாளியில் போட்டான். அடுத்தவையும் கூழ். வழித்தான். கடைசி வரைக்கும் இப்படித்தான் என்று நினைத்தபோது நடுவில் மூன்று இலைகள் கையோடு முழுதாக வந்தன. ஓரம் சிவந்து, அடி வெளுத்து, விறைப்பாக. அவற்றைப் பவுசர்த் தண்ணீரில் கழுவினான். ஒவ்வொன்றாகக் கழுவினான். நிலாந்தினி வந்து வாசலில் நின்று பார்த்தாள். இல்லையெண்டு சொன்னீங்கள் என்று அவள் சொல்லவில்லை. ஒரு தேசிக்காயை வெட்டி, உப்புப் போத்தலோடு அவனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

உப்புத் தூவிப் புளி பிழிந்து, படையலில் முட்டைப் பொரியலுக்குப் பக்கத்தில் அவற்றை வைத்தான். பிறகு எல்லோரும் வெளியே வந்தார்கள். செத்தவர் ஆறுதலாகச் சாப்பிடட்டும் என்று அறைக் கதவைச் சாத்தினார்கள். ரஜீபன் கதவோடு நின்றான். உள்ளே ஏதும் சத்தம் கேட்கிறதா என்று தன் காது கூர்ந்திருந்ததைச் சற்றுப் பிந்தித்தான் கவனித்தான். விளக்குத் திரி பொரிகிற சத்தம் கேட்டது. வேறொன்றும் இல்லை.

கதவைத் திறந்தார்கள். எல்லாம் வைத்தபடியே இருந்தன. சலாது மட்டும் உப்பிலும் புளியிலும் கொஞ்சம் துவண்டிருந்தது.

கமலாதேவி படையலுக்கு முன்னால் இருந்து எல்லாக் கறியையும் சோற்றோடு குழைத்து, ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொரு கவளம் வைத்தாள். சலாதைக் குழைக்கவில்லை. ஓர் இலையை எடுத்துத் தன் வாயில் வைத்தாள். மெல்ல மென்றாள். கண் மூடியிருந்தது. தாடை மட்டும் அசைந்தது. வெகுநேரம் அசைந்தது.

"நல்லாத்தான் இருக்கடி" என்று படத்தைப் பார்த்துச் சொன்னாள்.

பிறகு ஓர் இலையை ரஜீபனிடம் நீட்டினாள். அவன் வாங்கி வாயில் வைத்தான். மொறுமொறுப்பு இன்னும் இருந்தது. புளி தெரிந்தது, உப்புத் தெரிந்தது, அடியில் ஒரு கைப்புத் தெரிந்தது. இத்தனை நாளும் தேத்தண்ணியோ சோறோ எதுவும் அவன் நாக்கில் தெரியவில்லை. மென்றதை வாயிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"விழுங்கும் தம்பி."

விழுங்கினான்.

"இன்னும் ஒண்டு கிடக்கு" என்றாள் நிலாந்தினி. "ஆருக்கு?"

சிவபாதம்கூட நிலத்தைப் பார்த்தார்.

"எனக்குத் தா" என்றான் ரஜீபன்.

அவள் கொடுத்தாள். அவன் அதைத் தண்டோடு தின்று முடித்தான்.